முற்றம் திரும்பிய ஊர்: தாஷ்கண்ட் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

டில்லியில் விமானம் ஏறி ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் உஸ்பெகிஸ்தானின் தலைநகர் தாஷ்கண்ட் வந்துவிட்டது. கோவையிலிருந்து டில்லி வரவும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது. அப்பாவால் நம்பவே முடியவில்லை. "இத்தன பக்கத்துலயா கண்ணு இருந்துச்சு? நா என்னமோ ஒலகத்தோட அந்தக் கோடின்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பின்னிங்கில் நின்றவர். அவருடைய சங்க அலுவலகத்துக்கு 'சோவியத் நாடு' வரும். எல்லோரும் படித்து முடித்ததும் பழைய இதழ்களை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் நோட்டுகளுக்கு அட்டை போட்டுத் தருவார். என் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் அட்டையில் வெள்ளை வெளேரென்ற அடுக்குமாடிகள், முன்னால் ஒரு நீரூற்று, கீழே தாஷ்கண்ட் என்று பெயர். ஒரு வருஷம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பிறகு கட்டுமானப் பொறியியல் படித்து, இன்று தொழிற்சாலையில் வார்த்த பலகைகளை ஏற்றிவந்து வீடாகப் பூட்டும் பிரீகாஸ்ட் துறையில் இருக்கிறேன். அந்தப் படத்தில் இருந்தவையும் அப்படிப் பூட்டிய வீடுகள்தான் என்பது வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்தப் பயணம் அப்பாவுக்கு எவ்வளவு சொந்தமோ எனக்கும் அவ்வளவு சொந்தம்.

சாயங்காலம் முதல் வேலையாக லால் பகதூர் சாஸ்திரி சிலைக்குப் போனோம். அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. 1966 ஜனவரி 10 அன்று பாகிஸ்தான் அதிபர் அயூப் கானுடன் இந்த ஊரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அன்றிரவே, விடிந்தால் 11 என்ற வேளையில், இங்கேயே உயிர் போனது. "காமராசர் பாத்துப் பாத்து உக்காரவெச்ச மனுசன்" என்று சொல்லி அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ரேடியோவில் செய்தி கேட்டபோது அவர் பள்ளிக்கூடப் பையன்.

அறைக்குத் திரும்பும்போது ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சாஸ்திரி கண்ட தாஷ்கண்ட் அதன்பின் நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. ஏப்ரலில் நிலம் நடுங்கியது.

இரண்டாம் நாள்

பழைய நகரம். சோர்சு சந்தையின் பெரிய நீலக் குவிமாடம் தூரத்திலேயே தெரிகிறது. பார்த்தால் தைமூர் காலத்துக் கட்டிடம் என்று தோன்றும், 1980இல் கட்டியது. உள்ளே உலர்பழம், குர்த் என்னும் உப்புத் தயிர் உருண்டை, வட்ட வட்டமான ரொட்டி. ஒரு வரிசை முழுக்கக் கொரியப் பெண்கள் காரட் சாலட் விற்கிறார்கள். 1937இல் ஸ்டாலின் அரசு தூரக் கிழக்கிலிருந்து கொரியர்களை ரயிலில் அள்ளிக்கொண்டு வந்து மத்திய ஆசியாவில் இறக்கிவிட்டது. அவர்களுடைய பேத்திகள் இவர்கள். கிம்ச்சிக்கு வேண்டிய முட்டைக்கோசு கிடைக்காமல் காரட்டில் செய்து பழகியதாம். அப்பா கால் கிலோ வாங்கி நின்ற இடத்திலேயே தின்று முடித்தார்.

சந்தைக்குப் பின்னால் மஹல்லாக்கள் தொடங்குகின்றன. மஹல்லா என்றால் தெருக் கூட்டம். ஒரு மசூதி, ஒரு தேநீர்க் கடை, பெரியவர்கள் நாலு பேர், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் புலாவ் கிண்டுவது, எல்லாம் அதற்குள் அடக்கம். சந்தின் இரு பக்கமும் மண் பூசிய சுவர். தெருப் பக்கம் ஜன்னல் கிடையாது. நடந்துகொண்டே இருந்தால் சில சந்துகள் ஒரு கதவோடு முடிந்துவிடுகின்றன. ஓரத்தில் அரிக் என்னும் சிறு வாய்க்காலில் சலசலவென்று தண்ணீர்.

ஒரு கதவு திறந்திருந்தது. அங்கே நின்ற பாட்டி எங்களைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, உள்ளே வரச் சொன்னார். எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண், "மறுக்காதீர்கள், வருத்தப்படுவார்" என்றாள்.

உள்ளே போனதும் அப்பா நின்றுவிட்டார். நடுவில் வானம் பார்த்த முற்றம், திராட்சைப் பந்தல், ஒரு மாதுளை, மரத்தூண் வைத்த தாழ்வாரம், நாலு பக்கமும் அறைகள். ஒரு பக்கம் மூத்த மகன் குடும்பம், மறுபக்கம் இளையவன். "அட, நம்ம தொட்டிக்கட்டு ஊடு கண்ணு!" அப்பா பிறந்து வளர்ந்தது காங்கயம் பக்கம் அப்படி ஒரு வீட்டில். இங்கே இதன் பெயர் ஹவ்லி.

பாட்டி கிண்ணத்தில் கால்வாசிதான் தேநீர் ஊற்றினார். அப்பா என்னைப் பார்த்தார். கிண்ணம் நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்' என்று பொருளாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் மரியாதை. அன்று ஏழெட்டு முறை ஊற்றினார். பேச்சுக்கு நடுவே பாட்டி வாயில் ஒரு ரஷ்யச் சொல் அடிக்கடி வந்தது: ஸ்னோஸ். இடிப்பு. இந்தச் சந்துக்கும் ஸ்னோஸ் வருமோ என்று இரண்டு மூன்று வருஷமாகப் பேச்சு அடிபடுகிறதாம்.

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. 1865இல் ரஷ்யத் தளபதி செர்னியாயெவ் இந்த ஊரைப் பிடித்தபின், அன்கோர் கால்வாய்க்குக் கிழக்கே ரஷ்யர்கள் தங்களுக்கென்று நேர்த்தெருக்கள் போட்டு வேறு ஊர் கட்டினார்கள். கால்வாயின் ஒரு கரையில் விசிறி மடிப்பாய்ப் பிரியும் அகலச் சாலைகள், மறுகரையில் சந்துகள். அப்போது பழைய ஊரைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். கை வைத்தது பிறகு வந்தவர்கள்.

மூன்றாம் நாள்

காலையில் நிலநடுக்க நினைவிடம். கறுப்புக் கல்லில் ஒரு கனசதுரம். ஒரு முகத்தில் கடிகாரம், முள் நடுக்கம் வந்த நேரத்தில் நிற்கிறது. கடிகாரத்தைப் பிளந்துகொண்டு ஒரு வெடிப்பு தரையில் இறங்கி ஓடி, குழந்தையை அணைத்த ஒரு பெண்ணும் அவர்களை மறைத்து நிற்கும் ஆணும் இருக்கும் சிலையின் காலடியில் முடிகிறது. 1976இல் திறந்தது. நாங்கள் போனபோது ஒரு கல்யாண ஜோடி பூ வைத்துக்கொண்டிருந்தது.

1966 ஏப்ரல் 26, விடிகாலை. அளவில் அது மிகப் பெரிய நடுக்கம் அல்ல, 5.2 போலத்தான். ஆனால் மையம் நகரத்துக்கு நேர் கீழே, சில கிலோமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. தரை பக்கவாட்டில் ஆடுவதைவிட மேலும் கீழுமாக உதறியது. மண் செங்கல் வீடுகள் அந்த உதறலைத் தாங்கவில்லை. இறந்தவர்கள் குறைவு என்பது அதிகாரபூர்வக் கணக்கு. வீடிழந்தவர்கள் சுமார் 3 லட்சம். அப்போது நகரத்தின் மக்கள்தொகையே 10 லட்சத்தை ஒட்டித்தான். அன்றே சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் பிரதமர் கோசிகினும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். மூன்றரை மாதத்துக்கு முன் சாஸ்திரியின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த அதே கோசிகின்.

அதன்பின் நடந்ததுதான் என் நோட்டு அட்டைப் படம். உக்ரைன், ரஷ்யா, பெலாரஸ், லாட்வியா, ஜார்ஜியா என்று எல்லாக் குடியரசுகளும் கொத்தர்களையும் கிரேன்களையும் பலகை வார்க்கும் இயந்திரங்களையும் ரயிலேற்றி அனுப்பின. ஒவ்வொரு குடியரசும் ஒரு பகுதியைக் கட்டியது. தெருக்களில் கூடாரம் போட்டு மக்கள் கோடையைக் கழித்தார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வீடு போனவர்களுக்குச் சில ஆண்டுகளில் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் வெந்நீரும் உள்ள வீடு கொடுத்தது சின்னக் காரியம் இல்லை.

ஆனால் கட்டுமானக்காரியாக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மண் வீடுகளை எடுத்துவிட்டு மாடிகள் எழுப்பும் திட்டங்கள் நிலநடுக்கத்துக்கு முன்பே மேசையில் இருந்தன. நடுக்கம் அந்தத் திட்டங்களுக்கு வழி திறந்துவிட்டது. வெடிப்பு மட்டுமே விட்டிருந்த வீட்டைச் செப்பனிடலாமா என்று நின்று யோசிக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. நடுக்கம் ஒரு பங்கு தள்ளியது. மிச்சத்தைப் புல்டோசர் தள்ளியது. நடுக்கத்தின் மையத்தில் இருந்த கஷ்கார்கா என்ற பழைய குடியிருப்பு இன்று வரைபடத்தில் இல்லை.

அங்கே நின்றுகொண்டு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "மூணு லட்சம் பேரு தெருவுல கெடக்கறப்ப சுவத்த நக்கிப் பாத்துட்டிருப்பாங்களா? ஊடு கட்டிக் குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்கப்பா. வாசலக் குடுக்கலீங்களே." எங்கள் பக்கம் முற்றத்துக்கு வாசல் என்றுதான் பேர்.

அப்பா பதில் சொல்லவில்லை. மதியம் சாப்பிடும்போது, "நீ சொன்னதும் நெசந்தான்" என்று மட்டும் சொன்னார்.

நான்காம் நாள்

சிலான்சார் குடியிருப்புப் பகுதி. நான் காத்திருந்த நாள்.

இங்கே முகவரியே கணக்கு மாதிரிதான்: இத்தனையாவது குவார்ட்டல் என்னும் தொகுதி, இத்தனையாவது கட்டிடம். அன்றைய சோவியத் தலைவர் குருஷேவ் 1957 ஜூலையில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க ஆணை போட்டபின், நாடு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள் முளைத்தன. லிஃப்ட் இல்லாமல் ஏறக்கூடிய நான்கு ஐந்து மாடி, சின்னச் சமையலறை, தாழ்ந்த கூரை, ஆனால் ஒரு குடும்பத்துக்குத் தனிக் கதவு. பொதுச் சமையலறையில் ஐந்து குடும்பம் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு அந்தத் தனிக் கதவு எவ்வளவு பெரியது என்பது வாடகை லைன் வீட்டில் வளர்ந்த எனக்குப் புரியும். சிலான்சாரில் வேலை ஐம்பதுகளின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. நிலநடுக்கம் அதை ஓடவைத்தது.

மிக்ரோராயோன் என்று இந்த அமைப்புக்குப் பெயர். பெரிய சாலைகள் வெளியே சுற்றிப் போகும். உள்ளே வண்டிப் போக்குவரத்து குறுக்கே வெட்டாது. பள்ளி, பாலர் பள்ளி, கடை எல்லாம் குழந்தை நடந்துபோகும் தூரத்தில். அதை நடந்து பார்த்தபோது மனம் நிறைந்தது. காலை எட்டு மணிக்கு முதுகுப்பை மாட்டிய குழந்தைகள் தனியாகப் பள்ளிக்குப் போகிறார்கள், ஒரு சாலையைக்கூடக் கடக்காமல். நாங்கள் இன்று கட்டிக் கொடுக்கும் எந்தக் குடியிருப்பிலும் இது இல்லை. அறுபது வருஷத்துக்கு முன் வரைந்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள்.

கட்டிடங்களின் குறுஞ்சுவர்களில் மாடி உயரத்துக்கு மொசைக். பருத்திப் பூ, மாதுளை, சூரியன், நட்சத்திரக் கோலங்கள். பெரும்பாலும் ஜார்ஸ்கி சகோதரர்கள் மூவரின் கை. ஓடுகளை அச்சுக்குள் முகம் கவிழ்த்து அடுக்கி, மேலே கான்கிரீட் ஊற்றி, பலகையோடு சேர்த்தே வார்த்துவிடுவார்கள். சித்திரத்தைச் சுவரில் ஒட்டவில்லை. சுவரே சித்திரமாகத் தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கியது. நான் ஒரு பலகையின் இணைப்பில் விரல் வைத்துப் பார்த்தேன். கோலத்தின் கோடு இந்தப் பலகையில் முடிந்து அடுத்ததில் சரியாகத் தொடர்கிறது. வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு கஷ்டம் என்று.

வெயிலுக்காகப் பால்கனிகளில் கான்கிரீட் சல்லடைகள் வைத்திருக்கிறார்கள். பஞ்சரா என்கிறார்கள். மாஸ்கோ அச்சை நாற்பது டிகிரி கோடைக்குப் பழக்க உள்ளூர்க் கட்டிடக்கலைஞர்கள் பட்ட பாடு அதில் தெரிகிறது. அப்பா அதைப் பார்த்து, "நம்மூருக் கோழிப் பஞ்சாரம் மாதிரி பேரு" என்றார். பேர் மட்டும் இல்லை, உருவமும் கொஞ்சம் அப்படித்தான்.

சோவியத் போனபின் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே மலிவாகச் சொந்தமாயின. சொந்தமானதும் எல்லோரும் செய்த முதல் காரியம் வீட்டை வெளியே இழுத்தது. பிரிஸ்த்ரொய்கா என்கிறார்கள். பால்கனிக்குக் கண்ணாடி, பால்கனிக்கு வெளியே இன்னோர் அறை, அதற்குக் கீழே செங்கல் தூண். கீழ்வீட்டுக்காரர் கட்டினால் மேல்வீட்டுக்காரர் அதன் தலையில் கட்டுகிறார். சில கட்டிடங்களுக்கு நாலு மாடி உயரத்துக்கு ஒரு புதுத் தோலே வளர்ந்திருக்கிறது.

எனக்கு இதில் பயமும் உண்டு, பாசமும் உண்டு. பயத்தை முதலில் சொல்கிறேன். பெரிய பலகை வீடு ஒரு பெட்டி மாதிரி. ஆறு பக்கமும் ஒன்றையொன்று பிடித்திருப்பதால்தான் நிற்கிறது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலம் நடுங்கியபோது லெனினாகன் நகரில் தூணும் உத்தரமுமாகப் பூட்டிய ஒன்பது மாடிக் கட்டிடங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. பெரிய பலகை வீடுகள் நின்றன. புது அறைக்கு வழி வேண்டும் என்று பலகையை அறுத்து வாசல் போட்டால் அந்தப் பெட்டியின் பிடி தளர்கிறது. இதே நிலத்தில் அதைச் செய்கிறார்கள். பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

பாசம் எதனால் என்றால், கீழே இறங்கிப் பின்பக்கம் போனோம். கீழ்வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு முன் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார்கள். கத்தரிச் செடி, ரோஜா, ஒரு மாதுளை. நடுவில் தொப்ச்சான் என்னும் அகலமான மரக்கட்டில். அதில் கால் மடக்கி உட்கார்ந்து இரண்டு தாத்தாக்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் பெரிய இரும்புக் கடாய், நாளைக்கு மூன்றாம் மாடி வீட்டில் விசேஷம், விடியும் முன்பே புலாவ் இறக்கவேண்டும். காரட் நறுக்க இன்று ராத்திரியே பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடுவார்களாம். இந்த நாலு கட்டிடமும் சேர்ந்து இப்போது ஒரு மஹல்லா. அரசுப் பதிவிலேயே அப்படித்தான். தலைவரும் உண்டு.

வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை. வரைந்தவர்கள் ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள். முற்றத்தைப் பறிகொடுத்தவர்கள் ஐம்பது வருஷம் எடுத்து, செடி செடியாக, அதை இங்கே மறுபடி வளர்த்திருக்கிறார்கள்.

தாத்தாக்களில் ஒருவர் பருத்தி அரவை ஆலையில் இருந்தவர். அப்பா தன் உள்ளங்கையைக் காட்டி, நூல் அறுத்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டினார். அவர் தன் விரலைக் காட்டினார். வழிகாட்டிப் பெண்ணுக்கு அதன்பின் மொழிபெயர்க்க வேலை இல்லை.

ஐந்தாம் நாள்

மெட்ரோ. 1977இல் திறந்தது, மத்திய ஆசியாவில் முதலாவது. போர்க்காலப் பதுங்கிடமாகவும் கணக்கிட்டுக் கட்டியதால் 2018 வரை உள்ளே படம் எடுக்கத் தடை. காஸ்மோனாவ்ட்லார் நிலையத்தின் சுவர் கீழே வெளிர் நிறத்தில் தொடங்கி மேலே போகப்போகக் கருநீலம் ஆகிறது. விண்வெளி வீரர்கள் ககாரினும் தெரெஷ்கோவாவும் வட்டப் பதக்கங்களில் மிதக்கிறார்கள். பக்தாகோர் நிலையத்தில் சுவர் முழுக்கப் பருத்தி. அப்பா அங்கே மூன்று ரயில்களை விட்டுவிட்டார்.

மதியம் அமீர் தைமூர் சதுக்கம். நடுப் பீடத்தில் முதலில் ரஷ்ய ஆளுநர் கவுஃப்மன், பிறகு ஒரு காலம் ஸ்டாலின், 1968 முதல் மார்க்ஸ், 1993 முதல் குதிரை மேல் தைமூர். பீடத்தில் ஆள் மாறியதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. 2009இல் சதுக்கத்தின் பழைய சினார் மரங்களை ஒரேயடியாக வெட்டினார்கள். அது தாங்கவில்லை. நிழல் இல்லாமல் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. ஜாரும் சோவியத்தும் விட்டுவைத்த மரங்கள் அவை. எதிரே புத்தகம் விரித்த மாதிரி உஸ்பெகிஸ்தான் ஹோட்டல், 1974, முகம் முழுக்கப் பஞ்சரா.

ஆறாம் நாள்

காலையில் 'ஷெம்சுக்'. முத்து என்று பொருள். பதினாறு மாடி. ஒஃபெலியா அய்தினோவா என்ற கட்டிடக்கலைஞர் வரைந்தது, 1985இல் முடிந்தது. இவர் கேட்ட கேள்வியைத்தான் நான் ஆறு நாளாகச் சுமந்து திரிகிறேன்: மஹல்லாவை மேலே ஏற்ற முடியுமா? மூன்று மாடிக்கு ஒன்றாகத் திறந்த முற்றம் வைத்தார். அந்த மூன்று மாடிக் குடும்பங்களும் அதைச் சுற்றி வாழவேண்டும் என்பது எண்ணம்.

குடியிருப்பவர் ஒருவர் எங்களை ஒரு முற்றத்துக்கு அழைத்துப்போனார். கொடியில் துணி, இரண்டு சைக்கிள், எண்ணெய் டின்களில் துளசி மாதிரி ஒரு செடி, சுவரில் குழந்தைகள் சாக்பீஸால் வரைந்த கட்டம். காற்று நன்றாக வந்தது. சாயங்காலம் எல்லோரும் இங்கே வருவார்களா என்று கேட்டேன். "கோடையில் வருவோம். முன்பு அதிகம் வந்தோம்" என்றார். பூச்சு உதிர்ந்திருக்கிறது, பராமரிப்பு போதாது. இருந்தும் பதினாறு மாடிக்கு நடுவில் ஒரு குழந்தை சில்லு எறிந்து விளையாட இடம் வைத்து வரைந்த அந்தப் பெண்ணை நினைத்துக் கண் நிறைந்தது. இந்த மாதிரி இன்னும் பத்து கட்டியிருந்தால் எது சரி எது தவறு என்று தெரிந்திருக்கும். அதற்குள் நாடே இல்லாமல் போய்விட்டது.

மதியத்துக்கு மேல் தாஷ்கண்ட் சிட்டி. கண்ணாடிக் கோபுரங்கள், செயற்கை ஏரி, மாலில் குளிர்க்காற்று. இங்கேதான் ஒல்மசார் என்ற மஹல்லா இருந்தது. 2018 வாக்கில் இடித்தார்கள். 1982இல் கட்டிய சினிமா மாளிகையும் அதோடு போனது. அப்போது நிலநடுக்கம் எதுவும் வரவில்லை. மக்கள் கேள்வி கேட்டார்கள், இணையத்தில் எழுதினார்கள். சில ஆண்டுகளாகச் சோவியத் காலக் கட்டிடங்களை அரசுத் தரப்பிலேயே பட்டியலிட்டுப் பாதுகாக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பட்டியலில் சேர, கட்டிடத்துக்கு ஒரு கலைஞர் பெயர் வேண்டியிருக்கிறது. இரண்டாம் நாள் பாட்டியின் மண் வீட்டை வரைந்தவர் யார்?

கோபுரங்களின் ஓரத்தில், கட்டுமானத் தகரவேலிக்கு வெளியே, ஒரு முசுக்கொட்டை மரம் நின்றது. இந்த ஊரில் ஹவ்லிக்குள் நட்டு வளர்க்கும் மரம். மே மாதம், பழம் உதிரும் காலம். தரை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. அப்பா குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். மடியில் கட்டுவதுபோல் கைக்குட்டையை விரித்துக்கொண்டு, நல்லதாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தார். கையெல்லாம் ஊதாச் சாயம்.

"இது யாரு ஊட்டு வாசல்ல நின்ன மரமோ கண்ணு" என்றார்.

நானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கிரேன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தது.